பழுது முதலில்

வீடு
ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உங்கள் தங்கையும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் முதலாளியம்மாவும் நலம். கடலில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். துறைமுகத்திலிருந்து நீங்கள் போன் செய்தால் அண்ணனும் தங்கையுமாகவே பேசி முடித்துவிடுகிறீர்கள். கடைசியில் எனக்குக் கிடைப்பது "வெச்சிடட்டுமா மாப்பிள்ளை" என்ற ஒரு வரிதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலாளியம்மா என்று உங்கள் மருமகளைத்தான் சொல்கிறேன். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி கடை திறக்கிறாள். பால் குடித்ததும் அசந்து தூங்குவது போல ஒரு நடிப்பு. கீழே வைத்தால் போதும், கண்ணைத் திறந்து, எங்கே ஓடப் பார்க்கிறாய் என்று ஒரு பார்வை. மூக்கு உங்கள் மூக்காம், உங்கள் தங்கை சொல்கிறாள். பாவம், பெண் பிள்ளை.

நம் இரண்டு வீட்டிலும் கைகொடுக்கப் பெரியவர்கள் இல்லை. அதனால் நானும் அவளும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். மாறி மாறி என்பதெல்லாம் பேச்சுக்கு. பிள்ளை அழுதால் இரண்டு பேருமே எழுந்துவிடுகிறோம். ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்க, இன்னொருவர் பின்னாலேயே நடந்து யோசனை சொல்கிறோம்.

அடுத்த மாதம் அவளுக்கு விடுப்பு முடிகிறது. மறுபடியும் பார்சல் ஆபீசுக்குப் போக வேண்டும். என் தையல் கடை வீட்டு முன்னறையில்தானே இருக்கிறது, பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். "உங்களால முடியுமா?" என்று கேட்டாள். "கோட்டே தைக்கிறவனுக்கு ஒரு கொழந்தையப் பாத்துக்கத் தெரியாதா?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

தாய்மாமன் ஆனதற்காக உங்களுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் கப்பல் ஏஜென்ட் முகவரிக்கு அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


கப்பல்
பிப்ரவரி 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் இஞ்சினும் சுகம். அது இன்னும் புகை விடுகிறது, நான் விட்டுவிட்டேன். தாய்மாமன் ஆனவன் பீடி நாற்றத்தோடு பிள்ளையைத் தூக்கக் கூடாதாம், தங்கையின் உத்தரவு. அங்கே மூவரும் சௌக்கியம்தானே?

உங்கள் கடிதத்தை இஞ்சின் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மூக்கு விஷயத்தை மட்டும் தாண்டிவிட்டேன். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அப்பாக்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பிடிக்காமல் சண்டையே வந்துவிட்டது. ஆகவே எதையும் எழுதவில்லை.

தங்கை எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். மருமகள் எப்படி இருக்கிறாள் என்றும் தெரிந்துகொண்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தூங்குகிறீர்களா? தூக்கம் கெட்டவனை நாங்கள் இங்கே வால்வுப் பக்கமே விடுவதில்லை.

சட்டைக்காகக் காத்திருக்கிறேன்.

பிரியமுடன்,
மச்சான்


வீடு
பிப்ரவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் நலம். உங்கள் சுகத்தையும் இஞ்சினின் சுகத்தையும் அறிந்து மகிழ்ச்சி. சட்டையைப் போன வாரம் அனுப்பிவிட்டேன்.

உங்கள் தங்கை வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். முதல் நாளே ஆபீசில் தன் கைப்பைக்கு முகவரிச் சீட்டு ஒட்டி, பார்சல்களோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். பை வேறு ஊர் போய், மூன்றாம் நாள் முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்தது. உள்ளே வைத்திருந்த சாப்பாட்டைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே நல்லது.

முதலாளியம்மா கடையில் துணிக் கூடைக்குள் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறாள். அவளைப் பற்றி ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறேன். தையல் மெஷின் ஓடினால் தூங்குகிறாள், நின்றால் விழித்துக்கொள்கிறாள். நூல் அறுந்தால் அழுகை. கத்தரியை எடுக்கக் கையை நீட்டினால் அழுகை. ஆகவே துணியே இல்லாமல் சும்மா மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, காத்தத் தைக்கிறீங்க?" என்று கேட்டார்.

என் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், இப்போது சத்தம் சீராக வருகிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


கப்பல்
மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சானுக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு குறையைத் தவிர. அதைக் கீழே எழுதுகிறேன்.

சட்டை வந்தது. துணி அருமை. காலர் பிரமாதம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பட்டன் மாட்டலாம் என்று பார்த்தால் இடது பக்கம் காஜா, வலது பக்கமும் காஜா. மேலிருந்து கீழ்வரை ஓட்டையும் ஓட்டையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பட்டன் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மாப்பிள்ளைக்கு உங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். கடைசியில் ஷூ கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டார்கள்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காஜா எடுப்பவர் என்று உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வேன். இந்தத் தடவை நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறீர்கள். ஒரு காஜா தப்பினால் சரி. இத்தனையும் பொறுமையாக உட்கார்ந்து எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அட்டையில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில்கூட உங்களுக்குத் தெரியவில்லை.

நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் மெஷின் எண்ணெயைப் பற்றி எழுதினீர்கள். மறுபடியும் கேட்கிறேன்.

பிரியமுடன்,
மச்சான்


வீடு
ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் நலம். சட்டைக்கு மன்னிக்கவும். வேறு தைத்து அனுப்புகிறேன். பிள்ளை நலம். உங்கள் தங்கை நலம். ஆபீசிலிருந்து வரும் பஸ் தினமும் தாமதமாகிறதாம், வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் நலமே.

மாப்பிள்ளை


கப்பல்
ஏப்ரல் 21

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பு இந்தக் கடிதத்தில் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் போன தடவை எழுதியது ஏழெட்டு வரி. அதில் நலம் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். காற்றைத் தைத்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், எழுத ஒன்றும் இல்லை என்கிறார். இதை நான் நம்ப வேண்டுமா?

இஞ்சின் அறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாட்ச் முடிந்து, அதாவது இஞ்சினைக் கவனிக்கும் அவன் முறை முடிந்து, மேலே போவதற்கு முன், அடுத்து வருபவனிடம் இஞ்சினை ஒப்படைக்க வேண்டும். "எல்லாம் சரியா இருக்கு" என்று ஆரம்பித்தால் வருபவன் வாங்கிக்கொள்ளவே மாட்டான். எங்கே ஒழுகுகிறது, எது சூடாகிறது, எந்தச் சத்தம் புதிது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சரியாக இருப்பதைக் கடைசியில் சொன்னால் போதும். பழுதைச் சொல்லி முடித்தவன் மேலே போய்ப் படுத்துவிட்டால் கேப்டனே வந்தாலும் அவனை எழுப்பக் கூடாது. சொல்லாதவனுக்குப் படுக்கை கிடையாது.

பழுதைச் சொன்னான் என்பதற்காக இங்கே யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. மறைத்தவனைத்தான் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள்.

அடுத்த கடிதத்தில் பழுதை முதலில் எழுதுங்கள். நலத்தைக் கடைசியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம், நான் கோபித்துக்கொள்வேன். எனக்குக் கோபம் வராது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் வருத்தப்படுவேன் என்று திருத்தி வாசிக்கவும்.

மச்சான்


வீடு
மே 10

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடி பழுது முதலில்.

தூக்கம் இல்லை. அது பிள்ளை பிறந்த எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் பழுது, பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கண் எரிகிறது, உடம்பு கெஞ்சுகிறது, படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். சாப்பாடு ருசிக்கவில்லை. துணியை மேசையில் விரித்துவிட்டு எதற்கு விரித்தேன் என்று நிற்கிறேன்.

இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன், பால் கொடுக்கிறேன், துடைத்து உடுப்பு மாட்டுகிறேன். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் யாரோ தைக்கக் கொடுத்த துணியைப் பத்திரமாக வைத்திருப்பது போலத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது "குடுங்க, கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்" என்றால் உடனே கொடுத்துவிடுகிறேன். திரும்ப வாங்கத் தோன்றுவதில்லை. ஒரு அப்பாவுக்குத் தானாக வர வேண்டியது எனக்கு வரவில்லை மச்சான். நான் எழுதிய வேடிக்கையெல்லாம் நடந்தவைதான். எழுதும்போது எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் ஷட்டரை இழுத்துவிட்டு, வெட்டும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் கூடையில் கிடந்து அழுதாள். எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் வந்து ஷட்டரைத் தட்டி, "என்னங்க, புள்ள இவ்ளோ நேரமா அழுவுது?" என்றபோதுதான் எழுந்தேன். "பூட்டு மாட்டிக்கிச்சு" என்று போயும் போயும் அவரிடமே பொய் சொன்னேன். மனிதர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்து, நல்ல பூட்டை ரொம்ப நேரம் ரிப்பேர் செய்தார். இப்போதுதான் அது நிஜமாகவே மாட்டிக்கொள்கிறது.

உங்கள் தங்கையிடம் எதையும் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் அவள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள். சொல்லிவிட்டால் நாளைக்கு எப்படிப் படி இறங்குவாள்?

கடைசியில் நலம் என்று எழுதச் சொன்னீர்கள். இன்றைக்கு அது எழுத வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள்.

மாப்பிள்ளை


கப்பல்
மே 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாங்கிக்கொண்டேன். இஞ்சின் அறையில் இப்படித்தான் சொல்வோம். இனிமேல் அது உங்கள் தலையில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

இந்தத் துறைமுகத்தில் இருக்கும் டாக்டரிடம் போய்க் கேட்டேன். பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கு மட்டுமில்லை, அப்பாக்களுக்கும் மனம் இப்படி விழுந்துபோவது உண்டாம். இதற்கு வைத்தியம் இருக்கிறதாம். "பாசம் இல்லாதவரா இருந்தா இதுக்கெல்லாம் வெக்கப்படமாட்டாருங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு அவர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. அவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் என்னிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு நான் நடுக்கடலில் இருப்பேன், என் கடிதம் வந்து சேருவதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும். உங்களிடமிருந்து வாட்சை வாங்க வேண்டியவள் என் தங்கை. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட மாட்டேன். அவளிடம் நானாக ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதைப் படித்தவுடன், அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள்.

அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கத்துவாள். ஓட மாட்டாள்.

பிரியமுடன்,
மச்சான்


வீடு
ஜூன் 17

அன்புள்ள மச்சானுக்கு,

பழுது முதலில். தூக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. மாத்திரையால் வாய் காய்கிறது. ஒரு வாடிக்கையாளரின் பேண்டில் ஒரு காலைக் குட்டையாக வெட்டிவிட்டேன். அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள், அதில் மட்டும் தாமதம். மேசைக்கு அடியில் உட்கார்ந்தது வரை சொன்னேன். அவள் கத்தவில்லை. பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லணும். பஸ் ஒரு நாளும் லேட்டானதில்ல" என்றாள்.

விஷயம் இதுதான் மச்சான். ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறி உட்கார்ந்தால் நம் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம். தூங்குவதற்காக. கண்டக்டருக்கே பழகிப்போய், நம் நிறுத்தம் வந்தால் எழுப்பிவிடுவாராம். "நீங்க அங்க தனியா பாத்துக்கறீங்க, நான் இங்க பொய் சொல்லிட்டுத் தூங்கறேன்னு தெனமும் அழுகையா வரும். அழுதுட்டே தூங்கிடுவேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். சத்தத்தில் முதலாளியம்மா விழித்துக்கொண்டாள். வழக்கம்போல இரண்டு பேரும் எழுந்தோம். அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "அண்ணன் சொன்ன மாதிரிதான் இனிமே. இது என் வாட்ச்சு. நீங்க போய்ப் படுங்க" என்றாள். பேசும்போதே உங்கள் கடிதங்களையெல்லாம் அவளிடம் கொடுத்திருந்தேன், கத்துவாள் என்று எழுதியதையும் படித்துவிட்டாள்.

டாக்டரிடம் போனோம். யாரும் என்னிடம் கேட்காத கேள்விகளை அந்த அம்மா கேட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். நாள் பிடிக்குமாம், ஆனால் சரியாகிவிடுமாம். அவளுக்கும் தூக்கம் வேண்டும் என்று சொல்லி, ஆபீசில் கொஞ்ச நாளைக்கு அரை நேர வேலையாக மாற்றச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இப்போது வாட்ச் இல்லாதவர் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும், பிள்ளை என்ன அழுதாலும் வெளியே வரக் கூடாது. வாசலில் வைத்து ஒப்படைக்கிறோம். நேற்று உங்கள் தங்கை ஒப்படைத்தது இப்படி: "இடுப்புல ஈரம், கழுத்துல பால், கோவம் ஜாஸ்தி. புள்ளயச் சொல்லல, என்னைச் சொல்றேன்."

பாசம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. மனம் முன்னைவிட லேசாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மற்றபடி நலம். நீங்கள் நலமா?

அன்புடன்,
மாப்பிள்ளை


கப்பல்
ஜூலை 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் பழுது: முழங்கால் வலி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏணியில் இரண்டு படியாகத் தாவி ஏறினேன், என் வயதுக்கு அது ஆகாது.

என் தங்கை பஸ்ஸில் தூங்குவது எனக்கு ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே தூங்கியவள். அரைக்கால் பேண்டுக்காரர் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே, தப்பித்துவிட்டீர்களா?

பாசம் வந்துவிட்டதா என்று நான் கேட்க மாட்டேன். அது ஆபீஸ் பஸ் இல்லை, நேரம் பார்த்து வருவதற்கு. அவசரப்படாமல் மாத்திரையைச் சாப்பிடுங்கள், டாக்டரம்மாவிடம் பேசுங்கள், தூங்குங்கள். உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மருமகளுக்கு மாமனின் முத்தம். மற்ற எல்லாம் நலம்.

பிரியமுடன்,
மச்சான்


வீடு
ஜூலை 28

அன்புள்ள மச்சானுக்கு,

பழுது ஒன்றுதான். உங்கள் தங்கை என்மேல் கோபமாக இருக்கிறாள். நியாயமான கோபம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆபீசில் எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஷட்டரப் போட்டுட்டு நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தூங்கினேன். பிள்ளை பிறந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்து முகம் கழுவினேன், சாப்பிட்டேன். சாப்பாடு ருசித்தது. கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக் கையை, யாரும் அழாமல், நடுவில் எழுந்திருக்காமல் தைத்து முடித்தேன். கூடையைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது மச்சான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பால் நேரமும் இல்லை, குளிக்கும் நேரமும் இல்லை. சும்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கத்தரியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். வேலை ஓடவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். பஸ் வர இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. வேறு பஸ்கள் வந்து வந்து போயின. ஒவ்வொன்றிலும் இறங்கியவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் தங்கை இறங்கினாள். பிள்ளை அவள் தோளில் நல்ல தூக்கம். விரலை உதட்டில் வைத்துக்கொண்டே இறங்கினாள். "இப்பதான் தூங்கினா. ஆபீஸ் முழுக்க அழுது தீத்துட்டா. மூச்சு விடாதீங்க" என்றாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். முகம் என் சட்டையில் புதைந்திருந்தது. மெல்லத் திருப்பினேன். கண் மூடியிருந்தது. எனக்கு அது போதவில்லை.

எழுப்பிவிட்டேன் மச்சான். தெரியாமல் இல்லை. கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேண்டுமென்றே எழுப்பினேன்.

உங்கள் தங்கை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? தூங்கற புள்ளய யாராவது எழுப்புவாங்களா?" என்று கேட்டாள். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து பாக்கவே இல்ல" என்றேன். உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, பையால் என் முதுகில் ஒரு அடி போட்டாள். "ராத்திரி முழுக்க நீங்கதான் பாத்துக்கணும், சொல்லிட்டேன்" என்றாள்.

சரி என்றேன். பிள்ளையை வீடு வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் பூட்டுக்காரர், "குடுங்க, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார். "இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை